கேட் வரைக்கும்

மார்ச் 4, திங்கள்

இந்த நோட்டை எழுத வேண்டிய ஆள் நான் இல்லை. கால் இவருடையது, வலி இவருடையது, கேஸும் இவருடையது. ரெஜினா வக்கீல் போன வாரம் படித்துப் படித்துச் சொன்னார். "சார், தினமும் எழுதுங்க. எங்க வலிக்குது, என்ன வேலை செய்ய முடியல, யார் தூக்கி விட்டாங்க, எல்லாத்தையும் எழுதுங்க. ஒரு வருஷம் கழிச்சு கோர்ட்ல கேக்கும்போது உங்களுக்கே ஞாபகம் இருக்காது." இவரும் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

இன்று நோட்டைத் திறந்து பார்த்தேன். தினமும்தான் எழுதியிருக்கிறார். எல்லா நாளும் ஒரே வரி. 'நலம். வலி இல்லை.' கையெழுத்து வேறு முத்து முத்தாக.

அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு நானே எழுத உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கு ஜட்ஜே படித்தாலும் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். என் பெயர் மாரீஸ்வரி. கோவில்பட்டி தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இவர் என் வீட்டுக்காரர், காளிராஜ். ஒரு பிரைவேட் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். இருபத்தைந்து வருஷமாகப் பையன்களுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறார். ஜனவரியில் எட்டயபுரம் ரோட்டில் டி.வி.எஸ். வண்டியில் போனவரை, சிக்னல் போடாமல் திரும்பிய ஜல்லி லாரி தூக்கி எறிந்துவிட்டது. வலது தொடை எலும்புக்குள் கம்பி இருக்கிறது. முட்டிச் சில்லு நொறுங்கிப்போய்க் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்குள் முட்டியைத் திரும்பப் பிரித்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் இழுத்து இழுத்துத்தான் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஆபரேஷனுக்கு வழி இந்த இழப்பீட்டுக் கேஸ் ஒன்றுதான். என் ஜெராக்ஸ் மெஷின் ஓடி ஓடித் தேய்ந்தாலும் அவ்வளவு வராது.

இதெல்லாம் இவருக்கும் தெரியும். தெரிந்துதான் 'நலம்' என்று எழுதியிருக்கிறார்!

மார்ச் 6, புதன்

காலையில் பாத்ரூமில் போய் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிடவும் இல்லை. ரொம்ப நேரம் சத்தத்தைக் காணோமே என்று நான்தான் போய்த் தூக்கினேன். "ஒண்ணுமில்ல, கால் மரத்துப் போச்சு" என்றார். மரத்துப் போன காலுக்கு எதற்கு ஐயா பல்லைக் கடிக்க வேண்டும்?

எழுதிவிட்டேன். வலித்தது. நான்தான் தூக்கினேன்.

மார்ச் 10, ஞாயிறு

காலையிலிருந்து விருந்தாளி மேல் விருந்தாளி. எல்லாம் பழைய ஸ்டூடண்ட்ஸ். ஹார்லிக்ஸ் பாட்டில் சேர்ந்திருப்பதைப் பார்த்தால் ஜெராக்ஸை மூடிவிட்டு ஹார்லிக்ஸ் கடை வைக்கலாம் போலிருக்கிறது. வருகிறவர்களைக் குறை சொல்லவில்லை. தங்கமான பிள்ளைகள். குறையெல்லாம் இந்த மனுஷனிடம்தான்.

எங்கள் வீட்டு கேட் திறந்தால் கிரீச்சென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்க வேண்டியதுதான், இவர் ஊன்றி நடக்கிற கம்பு கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். காலை ஸ்டூலில் இருந்து இறக்கி, முதுகை நிமிர்த்தி, கிரவுண்டில் நிற்கிற மாதிரி உட்கார்ந்துகொள்வார்.

"எப்படி இருக்கீங்க சார்?"

"எனக்கென்னல? ஜம்முனு இருக்கேன். அடுத்த மாசம் கிரவுண்டுக்கு வந்துருவேன்."

அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்கள் கிளம்பினால் இவரும் எழுந்து கேட் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டுத்தான் வருவார். கம்பு இல்லாமல்! வந்தவர்களை வாசலோடு அனுப்பிப் பழக்கமில்லையாம். திரும்பி வந்ததும் கட்டிலில் விழுந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார்.

"அந்தப் பையனுங்ககிட்ட வலிக்குதுன்னு சொன்னா கிரீடம் இறங்கிருமா?" என்று கேட்டேன்.

"கிரவுண்ட்ல விழுந்தவன் ஒருத்தனையும் நான் அழ விட்டதில்ல மாரி. ஒண்ணுமில்ல, எந்திரின்னுதான் சொல்லுவேன். ஒருத்தனுக்குப் பந்து பட்டு முன்பல்லே போச்சு. அவன்கிட்டயும் அதத்தான் சொன்னேன். இன்னிக்கு அவனுங்க முன்னால நான் உக்காந்து முனங்கவா?"

பல் போன பிள்ளையைப் பெற்றவள் அன்றைக்கு என்ன சொன்னாளோ. நானாக இருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

மார்ச் 14, வியாழன்

கடையில் பேப்பர் தீர்ந்துவிட்டதே என்று வீட்டுக்கு எடுக்க வந்தேன். நல்லவேளை வந்தேன். ஹாலில் இவரை இடித்த லாரியின் ஓனர் உட்கார்ந்திருக்கிறார். மாலை மரியாதை மாதிரி ஒரு துண்டு, ஒரு சீப்பு பழம். டீப்பாயில் ஒரு பேப்பர். இவர் கையில் பேனா!

"தங்கச்சி, சும்மா ஒரு கையெழுத்துதான். எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லன்னு எழுதியிருக்கு. டிரைவர் பிள்ளகுட்டிக்காரன். நாம நாமளா பேசி முடிச்சிக்கிடலாமே."

பேப்பரைப் பிடுங்கி நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். "அண்ணாச்சி, காபி சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. பேசறதெல்லாம் வக்கீலம்மாகிட்ட பேசுங்க" என்றேன். அவர் காபி சாப்பிடவில்லை.

போன பிறகு இவர் என்னிடம் கோபப்படுகிறார். "வீடு தேடி வந்த மனுஷன இப்படியா அனுப்புவ?" வீடு தேடி வந்தாராம்! ரோட்டில் இவர் கிடந்தபோது அந்த லாரி தேடியா வந்தது?

ஏப்ரல் 2, செவ்வாய்

ரெஜினா வக்கீல் ஆபீஸ். லாரிக்காரர் கதையைச் சொன்னதும் அவர் இவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கட்சிக்காரர் என்பதால் வாயை அடக்கிக்கொண்டார்.

"சார், எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு, ஆட்டோ பில்லு வரைக்கும் மாரீஸ்வரியம்மா பத்திரமா வச்சிருக்காங்க. அதுல எனக்குக் கவலையே இல்ல. உங்க வாயிதான் எனக்குக் கவலை. தெரியாத ஆளுகிட்ட கேஸ் பத்தியோ கால் பத்தியோ பேசாதீங்க. எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. யாராவது எப்படி இருக்கீங்கன்னு கேட்டா உள்ளதைச் சொல்லுங்க."

"தெரியாத ஆளு யாரும்மா வர்றா? எல்லாம் என் ஸ்டூடண்ட்ஸ்."

ரெஜினா என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தேன்.

ஏப்ரல் 24, புதன்

இன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். மெஷின் ஓடாத கடையில் எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மத்தியானம் மூடிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் இந்த மனுஷன் கேட் பக்கத்தில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருக்கிறார். சித்திரை வெயில் உச்சந்தலையில் அடிக்கிறது. அந்த இடத்தில் ஒரு பொட்டு நிழல் கிடையாது. சட்டை, கைலி எல்லாம் தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது.

"இங்க என்ன செய்யறீங்க?"

"கரண்ட் இல்லல்ல. உள்ள வேக்காடு. காத்து வாங்குறேன்."

எங்கே ஐயா காற்று? எதிர்வீட்டு வேப்பமரத்து இலைகூட அசையவில்லை. உள்ளே போனால் கதவு விரியத் திறந்து கிடக்கிறது. டீப்பாயில் இரண்டு காபி டம்ளர், எறும்பு மொய்த்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் புதிதாக ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். காலை மாத்திரை அப்படியே இருக்கிறது. மூடி வைத்துவிட்டுப் போன இட்லியையும் தொடவில்லை. திறந்த வீட்டில் நாய் நுழைந்து அடுப்படி வரைக்கும் போயிருக்கிறது.

"யாரு வந்தா?"

"மகாராஜன். ரெண்டாயிரத்து ஏழு பேட்ச். தங்கமான பையன், வெளியூர்ல வேலை பாக்குறானாம். பேசிட்டு அப்பவே போயிட்டான்."

"எந்த மகாராஜன்?"

"அதான், லெப்ட் விங் ஆடுவான்ல."

முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாத பையன் எல்லோருமே இவருக்கு லெப்ட் விங்தான்.

"அந்தக் கம்ப எடுத்துட்டு வா மாரி" என்றார். "எதுக்கு?" என்றேன். "சும்மா, நாய விரட்ட." நாய் எப்போதோ ஓடிவிட்டது. கொண்டுவந்து கையில் திணித்துவிட்டு, வாயில் வந்தபடி திட்டினேன். வெயிலில் உட்கார்ந்து மண்டை காய்ந்துவிட்டதா, வீட்டைத் திறந்து போட்டுவிட்டு அப்படி என்ன காற்று, ஒரு வேளை மாத்திரை போடத் தெரியாதா என்று. தெருவே கேட்டிருக்கும். நான் உள்ளே வந்த பிறகும் ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தார். ரோஷமாம்!

மே 21, செவ்வாய்

இன்று ஊனம் எவ்வளவு என்று பார்க்கிற மெடிக்கல் போர்டு. வாடகைக் கார் பிடித்துப் போனோம். டாக்டர் முட்டியை மடக்கச் சொன்னார். வீட்டில் பாதிகூட மடங்காத முட்டியை, இந்த மனுஷன் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நெற்றி நரம்பு புடைக்க மடக்கிக் காட்டுகிறார். "பரவாயில்லையே, நல்லா மடங்குதே" என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "டெஸ்டுன்னா முடிஞ்ச மட்டும் செய்ய வேண்டாமா?" என்கிறார். இவர் பாஸாகப் பார்த்திருக்கிறார்! எவ்வளவு முடியவில்லை என்று காட்ட வேண்டிய இடத்தில் போய் ஃபர்ஸ்ட் மார்க் வாங்கிவிட்டு வந்திருக்கிறார். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

வருகிற வழியெல்லாம் காரில் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். சாயங்காலம் முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 14, புதன்

நாளை கொடியேற்றத்துக்கு மார்ச் பாஸ்ட் நடத்த வருகிறேன் என்று பள்ளிக்கூடத்துக்கு போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். அங்கே ஜூனிலேயே புது பி.டி. வாத்தியாரைப் போட்டுவிட்டார்கள். 'சார், நீங்க ரெஸ்ட் எடுங்க' என்று அவர்கள் சொன்னால் இவருக்குப் புரிய மாட்டேன் என்கிறது.

வெள்ளைக் கேன்வாஸ் ஷூவை எடுத்துக்கொண்டு போய்க் கடையில் ஏ-ஃபோர் பேப்பர் பெட்டிக்குள் ஒளித்துவைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

ஷூவைத் தேடினார். என்னிடம் கேட்கவில்லை. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு டி.வி.யில் அணிவகுப்பு பார்த்தார். கடைச் சாவியை இரண்டு தடவை கையில் எடுத்தேன். இருந்தாலும் ஷூவைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

வாய்தா.

அக்டோபர் 22, செவ்வாய்

ஜட்ஜ் லீவு. மறுபடியும் வாய்தா. கடையை அடைத்துவிட்டுப் போய் கோர்ட் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு வந்ததுதான் மிச்சம். வக்கீல் குமாஸ்தா ஒருவர் அங்கேயே பார்த்து, "அக்கா, கடை திறக்கலியா? பத்து காப்பி எடுக்கணுமே" என்கிறார். கடித்துக் குதறாமல் வந்தது அவர் செய்த புண்ணியம்.

நவம்பர் 19, செவ்வாய்

லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி பதில் போட்டிருக்கிறது. கூடவே ஒரு வீடியோ. என்னை மட்டும் வரச்சொல்லி ரெஜினா வக்கீல் தன் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார்.

எங்கள் வீட்டு வாசல். கட்டம் போட்ட நீலக் கைலியில் இவர். முதுகு நிமிர்ந்து, நெஞ்சு நிமிர்ந்து, கையில் கம்பும் இல்லாமல் கேட்டைப் பார்த்து நடந்து வருகிறார். படம் பிடிக்கிறவன் சட்டைப் பையில் செல்லை வைத்திருக்கிறான் போல, ஆட்டமாக இருக்கிறது. "சார், நீங்க எதுக்கு வெயில்ல வர்றீங்க, உள்ள போங்க" என்று அவன் குரல் கேட்கிறது. இவர் சிரிக்கிறார். "ஒண்ணுமில்லப்பா. கால்லாம் சரியாயிருச்சு. நான் ஓடவே செய்வேன்." கேட் கிரீச்சிடுகிறது. கையசைக்கிறார். அத்துடன் படம் முடிந்துவிட்டது.

"இன்சூரன்ஸ் கம்பெனி விசாரணைக்கு அனுப்பின ஆளு" என்றார் ரெஜினா. "ஏப்ரல் இருபத்துநாலாம் தேதி ஸ்டூடண்ட்னு சொல்லிக்கிட்டு வந்திருக்கான். இதை வச்சுக்கிட்டு, காலே சரியாயிடுச்சு, எதுக்கு ஆபரேஷன்னு கேப்பாங்க. மெடிக்கல் போர்டும் நல்லா மடங்குதுன்னு எழுதியிருக்கு."

மகாராஜன். லெப்ட் விங்.

வீட்டுக்கு வந்து கத்தினேன் கத்தினேன், தொண்டை கட்டும் வரைக்கும் கத்தினேன். "ஓடுவேனா? எங்க, ஓடுங்க பார்ப்போம்! ஓடிக் காட்டுங்க!" இவர் சாதாரணமாகச் சொல்கிறார், "அவன் வேலை அப்படி. அவன் என்ன செய்வான்? இருந்தாலும் என் ஸ்டூடண்ட்தான். நல்லா ஆடுவான்."

இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் எப்படிக் குடும்பம் நடத்தினேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

நவம்பர் 23, சனி

காலையில் துணி துவைத்தேன். போர்வை, பெட்ஷீட் எல்லாம் சேர்ந்துவிட்டது. இடுப்பு பிடித்துக்கொள்ள, அப்படியே அந்தக் கல்லில் உட்கார்ந்தேன். எதிரே வீட்டு வாசல். வீடியோவில் வந்த அதே வாசல். ஒரு பக்கம் வெறும் மண் தரை, இன்னொரு பக்கம் துளசிச் செடி. கல்லிலிருந்து வாசப்படி வரைக்கும் கையை ஊன்ற ஒரு சுவர் இல்லை, துணி காயப்போடுகிற கம்பம் இல்லை, ஒன்றும் இல்லை.

துணி அப்படியே கிடக்கிறது. நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு இவர் காற்று வாங்கவில்லை. போக முடிந்தவரால் திரும்பி வர முடியவில்லை. காலையில் அவனை அனுப்பிவிட்டு, நான் கடையை மூடிவிட்டு வருகிற வரைக்கும், அந்த வெயிலில், மாத்திரை இல்லாமல், சோறு தண்ணி இல்லாமல் இந்தக் கல்லிலேயே இருந்திருக்கிறார். தெருவில் ஆள் போகாமலா இருந்திருக்கும்? ஒருவரையும் கூப்பிடவில்லை. நான் வந்ததும் கம்பைக் கேட்டார். நாயை விரட்ட என்றார். நான் என்ன செய்தேன்? கம்பைக் கையில் திணித்துவிட்டு, திட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டேன்.

உள்ளே போய்க் கேட்டேன். "அன்னிக்கு உங்களால திரும்பி வர முடியல. அதானே?"

"என்னிக்கு?"

"கரண்ட் இல்லாத அன்னிக்கு."

பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். "காத்து வாங்குனேன்னு சொன்னேன்ல."

ஐயோ, இந்த மனுஷனை என்ன செய்தால் தகும்! எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. துவைத்த துணியையே மறுபடியும் துவைத்தேன்.

நவம்பர் 25, திங்கள்

ரெஜினாவிடம் சொன்னேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் கேட்டார். பிறகு யோசித்துவிட்டுச் சொன்னார், "நீங்க சொன்னா பொண்டாட்டி புருஷனுக்காகச் சொல்றான்னு தள்ளிருவாங்க. அவர் கூண்டுல நின்னு அவர் வாயால சொல்லணும். சொல்லுவாரா?"

எனக்குத் தெரியவில்லை. இருபத்து மூன்று வருஷம் குடும்பம் நடத்தியும் அதற்குப் பதில் தெரியவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

நாளைக்கு இவருக்குக் குறுக்கு விசாரணை. ரெஜினா தன் ஆபீஸில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார். எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி குரலை மாற்றிக்கொண்டு, "வணக்கம் சார், எப்படி இருக்கீங்க?" என்றார்.

"நல்லா இருக்கேம்மா."

ரெஜினா பேனாவை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

பிப்ரவரி 12, புதன்

இன்றே எழுதிவிட வேண்டும்.

கூண்டுக்கு இரண்டு படி. பிடிக்காமல் ஏறினார். ஜட்ஜ் அம்மா பார்த்துவிட்டு, "நாற்காலி போடச் சொல்லவா?" என்றார். "பரவாயில்லம்மா, நிக்கிறேன்." ரெஜினா கண்ணை மூடிக்கொண்டார்.

கம்பெனி வக்கீல் சாந்தமான மனுஷன். குரலே உயரவில்லை. லேப்டாப்பில் வீடியோவைப் போட்டார். ரெஜினா எழுந்து ஆட்சேபம் சொன்னார், ஜட்ஜ் அம்மா பார்க்கலாம் என்றார். கோர்ட் முழுக்க 'நான் ஓடவே செய்வேன்' என்ற இவர் குரல் கேட்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"இது நீங்கதானே?"

"நாந்தான்."

"ஓடுவேன்னு சொன்னது?"

"சொன்னேன்."

"அப்ப கால் சரியாயிடுச்சு."

கூண்டுக் கட்டையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன், நகம் வெளுத்திருந்தது.

"சரியாகலேன்னா, அன்னைக்குப் பொய் சொல்லியிருக்கீங்க. அன்னைக்குப் பொய் சொன்னவர் இன்னைக்கு மட்டும் உண்மை பேசுவாரா?"

"அது வந்து சார், அவன் என் ஸ்டூடண்ட். என்கிட்ட படிச்ச பையன் வீடு தேடி வந்து கேக்கும்போது..."

அந்த வக்கீல் லேசாகச் சிரித்தார். "எந்த ஸ்டூடண்ட் சார்? அவர் சென்னையில பொறந்து சென்னையில படிச்சவர். உங்க ஸ்கூல் எந்தத் தெருவுல இருக்குன்னுகூட அவருக்குத் தெரியாது. ஸ்டூடண்டுன்னெல்லாம் கோர்ட்ல கதை சொல்லாதீங்க."

இவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என் ஸ்டூடண்ட் இல்லையா?"

"இல்ல."

"நெசமாவே இல்லையா? என்கிட்ட ஹாக்கி ஆடலியா?"

"இல்லைங்கிறேனே!"

எனக்குப் பயமாகிவிட்டது. இத்தனை நாளும் அவனை லெப்ட் விங் என்று மனதில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாரே, முகம் அப்படிச் செத்துப்போய்விட்டது. அப்புறம் கட்டையிலிருந்து ஒரு கையை எடுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பச் சரி சார். அப்ப நான் சொல்லிரலாம். எழுதிக்கோங்கம்மா" என்று ஜட்ஜ் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "ஓடுவேன்னு சொன்னது பொய். கேட் வரைக்கும் நடந்தேன், அது நெசம். போறதுக்குள்ள உசிரு போயிருச்சு. கையசைச்சு அனுப்பிட்டேன். திரும்பி ஒரு எட்டு வைக்க முடியல. பக்கத்துல துவைக்கிற கல்லு இருந்துச்சு, அதுல விழுந்த மாதிரி உக்காந்தேன். என் வீட்டுக்காரி கடையிலருந்து வர்ற வரைக்கும் அங்கதான் இருந்தேன். ஒண்ணுக்குப் போகணும்னு இருந்துச்சு, அதுக்கும் எந்திரிக்க முடியல. கைலி நனைஞ்சது வேர்வைன்னு அவ நினைச்சா. வேர்வை மட்டும் இல்ல."

எனக்கு இது தெரியாது. கைலியை நான்தானே துவைத்தேன்? எனக்கு இது தெரியவே தெரியாது.

"யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே?" என்று கேட்டது ஜட்ஜ் அம்மா.

"கூப்பிட்டா அந்தப் பையனும் திரும்பி வந்துட்டா? தெருமுனைதான் தாண்டியிருப்பான்னு நினைச்சேன்மா. அப்புறம் அதே ரோசனையா இருந்துட்டேன்."

கம்பெனி வக்கீல் ஏதோ கேட்க வந்தவர் பேப்பரைப் புரட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். முட்டியை எப்படி மடக்கினார் என்று ரெஜினா மறு விசாரணையில் கேட்டதற்கு, மெடிக்கல் போர்டில் கட்டில் கம்பியைப் பிடித்த கதையையும் சொன்னார். இன்னொரு தடவை போர்டுக்கு அனுப்பி, இந்தத் தடவை வலி எங்கே தொடங்குகிறது என்றும் எழுதி வாங்கச் சொல்லி ஜட்ஜ் அம்மா உத்தரவு போட்டார். மறுபடியும் வாய்தாதான். ஆனால் வெளியே வந்ததும் ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே அந்த வீடியோ அவங்களுக்குத்தான் தலைவலி" என்றார்.

இவரைப் பார்த்தால், தன் டீம் தோற்றுவிட்டு வந்த மாதிரி நின்றார். "ஸ்டூடண்டே இல்லையாம் மாரி" என்றார். அதுதான் இவருக்குக் கவலை! அடக் கடவுளே என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அடித்துக்கொள்ளவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

கோர்ட் வாசலில் ஆட்டோ பிடித்தோம். ஓட்டி வந்த பையன் கண்ணாடி வழியாக இவரையே பார்த்துக்கொண்டு வந்தான். எங்கள் கேட் முன்னால் நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"சார், என்னைத் தெரியுதா?"

இவர் பார்த்தார். நான் லெப்ட் விங் வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"பால்துரை" என்றார். "கோல்கீப்பர். பல்லு எங்கல?"

அவன் சிரித்தான். முன்னால் ஒரு பல் மட்டும் பளீரென்று வேறு வெள்ளையில் இருந்தது. "கட்டிக்கிட்டேன் சார். அடிபட்டீங்கன்னு கேள்விப்பட்டேன், வரணும்னு நினைச்சு வரவே முடியல. இப்ப எப்படி சார் இருக்கீங்க? ஒண்ணுமில்லையே?"

இவர் ஒரு காலைக் கீழே வைத்திருந்தார். இன்னொரு கால் ஆட்டோவுக்குள்ளேயே இருந்தது. கம்பி வைத்த கால். கம்பு என் மடியில் இருந்தது. நான் நீட்டவில்லை.

"வலிக்குதுல பால்துரை" என்றார். "ரொம்ப வலிக்குது. கொஞ்சம் பிடி."

அவன் ஒரு நொடி முழித்தான். பிறகு சீட்டைவிட்டு இறங்கி ஓடிவந்து, இவர் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான். "மெதுவா சார், மெதுவா" என்றான். நான் முன்னால் போய்க் கேட்டைத் திறந்தேன். கிரீச்சென்றது. இரண்டு பேரும் கல்லைத் தாண்டி, துளசிச் செடியைத் தாண்டி, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து வாசப்படி வரைக்கும் வந்தார்கள்.